ஜாஃபர் முதல் மோவானா வரை: டிஸ்னியின் இரண்டாம் பாகங்கள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

1994 மே 20 அன்று அமெரிக்கக் கடைகளுக்கு ‘தி ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்’ என்ற வீடியோ கேசட் வந்தது. 1992இல் வெளியாகி உலகம் முழுக்க 50 கோடி டாலர் வசூலித்த ‘அலாதீன்’ படத்தின் இரண்டாம் பாகம் அது. தியேட்டருக்கே போகாமல் நேராகக் கடைக்கு வந்து, அங்கிருந்து வீடுகளுக்குப் போனது. டிஸ்னி தன் அனிமேஷன் படத்தின் தொடர்ச்சி ஒன்றை இப்படி வெளியிட்டது அதுதான் முதல் தடவை. ஒரு கோடிக்கும் மேல் பிரதிகள் விற்றன. முதல் படத்துக்கு ஆன செலவில் ஒரு சிறு பங்குதான் இதற்கு ஆகியிருந்தது.

விற்பனை அப்படி. படத்தைப் பார்த்தால், பாத்திரங்களின் முகம் காட்சிக்குக் காட்சி கொஞ்சம் மாறும். முதல் படத்தில் மின்னிய அக்ரபா நகரம் இதில் வெளிறிப் போயிருக்கும். விளக்குப் பூதமான ஜீனியின் குரலும் வேறு. இருந்தும் அந்த ஒரு கேசட் ஒரு வழியைத் திறந்துவிட்டது. அடுத்த பதினான்கு ஆண்டுகளில் அதே வழியில் டிஸ்னி இருபதுக்கும் மேற்பட்ட தொடர்ச்சிப் படங்களை எடுத்தது. அவற்றில் பாதியின் பெயரைச் சொன்னால்கூட, “அப்படி ஒரு படம் வந்ததா?” என்றுதான் கேட்பார்கள்.

இந்தப் படங்கள் ஏன் ஏமாற்றின என்று நான் பல வருடங்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். “காசுக்காக எடுத்தார்கள், அதனால் மோசம்” என்ற பதில் எனக்குப் போதவில்லை. நல்ல படத்தையும் காசுக்காகத்தான் எடுக்கிறார்கள். இதே டிஸ்னிக்குள், இதே குறைந்த செலவில், மனதில் நிற்கிற சில இரண்டாம் பாகங்களும் வந்தன. அவற்றையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போது இரண்டு விஷயங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒன்று, அந்தப் படம் முதலில் என்ன வடிவத்துக்காகத் தொடங்கப்பட்டது என்பது. இன்னொன்று, முதல் படம் பதில் சொல்லாமல் விட்ட ஒரு கேள்வியாவது அதன் கையில் இருந்ததா என்பது.

தியேட்டரை விட்டு வந்த கதை

டிஸ்னி தியேட்டர் வழியை முயன்று பார்க்காமல் இல்லை. 1977இல் வந்த ‘தி ரெஸ்க்யூவர்ஸ்’ படத்துக்கு 1990 நவம்பரில் ‘தி ரெஸ்க்யூவர்ஸ் டவுன் அண்டர்’ என்று ஒரு தொடர்ச்சி எடுத்தார்கள். முழுக்க முழுக்கக் கம்ப்யூட்டரில் வண்ணம் தீட்டி முடிக்கப்பட்ட முதல் படம் அதுதான். ஒரு சிறுவன் பிரம்மாண்டமான கழுகின் முதுகில் ஏறிப் பறக்கிற காட்சி ஒன்று அதில் உண்டு. இன்று பார்த்தாலும் மூச்சு நின்றுவிடும். ஆனால் படம் ‘ஹோம் அலோன்’ வெளியான அதே நாளில் வந்தது. முதல் வாரக்கடைசியில் சுமார் 35 லட்சம் டாலர்தான் வசூல். அப்போது ஸ்டூடியோவின் தலைமையில் இருந்த ஜெஃப்ரி கட்ஸன்பெர்க் டிவி விளம்பரங்களை உடனே நிறுத்தச் சொல்லிவிட்டார்.

கடும் உழைப்பில் வந்த ஒரு இரண்டாம் பாகம் தியேட்டரில் படுத்தது. நான்கு ஆண்டுகள் கழித்து, மலிவாக எடுத்த இன்னொன்று வீட்டு வீடியோவில் கோடிக்கணக்கில் விற்றது. கணக்குப் பார்க்கிறவர் எந்தப் பக்கம் போவார் என்று சொல்லத் தேவையில்லை.

வீடியோவுக்கு இன்னொரு வசதியும் இருந்தது. தியேட்டர் படம் மோசமாக இருந்தால் மூன்று நாளில் ஊர் முழுக்கத் தெரிந்துவிடும். கேசட்டை அப்படி யாரும் விசாரித்து வாங்குவதில்லை. கடையில் அட்டையில் தெரிந்த முகம் இருக்கிறது, குழந்தை கை நீட்டுகிறது, பெற்றோர் வாங்கிவிடுகிறார்கள். படம் நன்றாக இருக்கிறதா என்ற கேள்வி, பணம் கைமாறிய பிறகுதான் வருகிறது. இந்த ஏற்பாட்டில் கதைக்காக மெனக்கெடச் சொல்லி யாரும் யாரையும் நெருக்கவில்லை.

தையல் தெரிகிற இடங்கள்

‘ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்’ படமாகவே பிறந்ததல்ல. அலாதீன் டிவி தொடருக்கான தொடக்க எபிசோட்களாகத்தான் அதைத் திட்டமிட்டார்கள். அப்புறம் அவற்றை ஒன்றாகச் சேர்த்துத் தனிப் படமாக விற்கலாம் என்ற யோசனை வந்தது. டிவி பிரிவுதான் தயாரித்தது. சிட்னியிலும் ஜப்பானிலும் இருந்த டிஸ்னி ஸ்டூடியோக்கள் வரைந்தன. டிவி எபிசோடுக்கு ஒரு நியாயம் உண்டு. கதை முடிந்ததும் எல்லாம் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், அடுத்த வாரம் அடுத்த சாகசம். திரைப்படத்தின் நியாயம் நேர் எதிர். முடியும்போது யாராவது மாறியிருக்க வேண்டும். ஒன்றுக்காகத் தைத்த சட்டையை இன்னொன்றுக்குப் போட்டுவிட்டார்கள்.

ஜீனியின் குரல் மாறியதற்குத் தனிக் காரணம் உண்டு. முதல் படத்தில் ராபின் வில்லியம்ஸ் தன் வழக்கமான சம்பளத்தில் சிறு பகுதிக்கே நடித்துக் கொடுத்தார். தன் குரலை வைத்து பொம்மையும் மற்ற பொருள்களும் விற்கக் கூடாது என்பது அவர் வைத்த நிபந்தனை. அது மீறப்பட்டது என்று சொல்லி அவர் விலகிக்கொண்டார். இரண்டாம் பாகத்தில் டான் காஸ்டெல்லனெட்டா குரல் கொடுத்தார். அவர் திறமையான கலைஞர், குறை சொல்ல முடியாது. ஆனால் முதல் படத்தின் ஜீனி, வில்லியம்ஸ் மைக் முன் நின்று அந்த நேரத்துக்குத் தோன்றியதையெல்லாம் பேசப் பேச, அந்தப் பேச்சின் வேகத்துக்கு ஓவியர்கள் உருவம் கொடுத்தபோது பிறந்தது. குரலை மாற்றினால் பாத்திரமே மாறிவிடும்.

என் அக்கா மகளுக்கு ஆறு வயது இருக்கும்போது இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாட்களில் சேர்ந்து பார்த்தோம். இரண்டாவது படம் பாதியில் ஓடிக்கொண்டிருந்தது. என் பக்கம் திரும்பி, “மாமா, ஜீனிக்கு உடம்பு சரியில்லையா?” என்று கேட்டாள். சட்டென்று எனக்குப் பதில் வரவில்லை. குழந்தைகளுக்கு எதைக் கொடுத்தாலும் பார்ப்பார்கள் என்று சொல்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் நினைவுக்கு வருகிறது. அவர்கள் பார்ப்பார்கள்தான். எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டும் இருப்பார்கள்.

வில்லியம்ஸிடம் நிறுவனம் பின்னர் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. 1996இல் வந்த மூன்றாம் பாகத்தில் அவர் திரும்பினார். அந்தப் படம் இரண்டாம் பாகத்தைவிடத் தெளிவாக நல்ல படம். அதில் ஒரு கேள்வியும் இருந்தது: அலாதீனின் அப்பா யார், அவர் ஏன் மகனை விட்டுப் போனார்?

எபிசோட்களை ஒட்டிப் படமாக்கும் பழக்கம் அதோடு நிற்கவில்லை. ‘பெல்ஸ் மேஜிக்கல் வேர்ல்ட்’ (1998), ‘சின்ட்ரெல்லா 2’ (2002), ‘அட்லாண்டிஸ்: மைலோஸ் ரிட்டர்ன்’ (2003) எல்லாம் அதே ரகம். மூன்றாவது, பாதியில் கைவிடப்பட்ட டிவி தொடர் ஒன்றின் மூன்று எபிசோட்கள். ‘சின்ட்ரெல்லா 2’ படத்தை எனக்கு மறக்க முடியவில்லை. 1950இல் டிஸ்னி நிறுவனத்தையே கடனிலிருந்து தூக்கி நிறுத்திய படத்தின் தொடர்ச்சி, 52 ஆண்டுகள் கழித்து வருகிறது. அதில் மூன்று தனித்தனிக் கதைகள். அவற்றைக் கோர்க்க, எலிகள் சேர்ந்து ஒரு புத்தகம் தயாரிப்பதாக ஒரு சாக்கு. அரண்மனைக்குப் போன பிறகு சின்ட்ரெல்லாவுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால், விருந்து ஏற்பாடு செய்தாள் என்கிறது படம். அவ்வளவு அடிபட்டு வந்த பெண்ணுக்கு அரண்மனையில் இரவு தூக்கம் வந்திருக்குமா, திட்டு வாங்காத ஒரு நாளை அவளால் நம்ப முடிந்திருக்குமா என்று யாரும் ஒரு நிமிடம் உட்கார்ந்து யோசிக்கவில்லை.

அதே கூரைக்குள் நல்ல படங்களும்

இங்கேதான் என் முதல் முடிவுகளை நானே திருத்திக்கொள்ள வேண்டியிருந்தது. ‘சின்ட்ரெல்லா 3’ 2007இல் வந்தது. அதே பிரிவு, அதே வீடியோ வெளியீடு. இந்த முறை ஒரே கதை. மாற்றாந்தாய் கையில் மந்திரக்கோல் கிடைக்கிறது. அவள் காலத்தைப் பின்னால் திருப்பி, கண்ணாடிச் செருப்பு தன் மகள் அனஸ்டேசியாவின் காலுக்குப் பொருந்தும்படி செய்துவிடுகிறாள். செருப்பு இல்லாமல், மந்திரம் இல்லாமல், சின்ட்ரெல்லா தானாகவே தன் வாழ்க்கையை மீட்டுக்கொள்வாளா? முதல் படத்தைப் பற்றி எத்தனையோ பேர் கேட்ட கேள்வி இது. தேவதை வராவிட்டால் அவள் என்ன செய்திருப்பாள்? படம் அதை நேருக்கு நேர் எடுத்துக்கொள்கிறது. அனஸ்டேசியாவுக்கும் ஒரு மனது இருப்பதைக் காட்டுகிறது. ஓவியம் முதல் படத்தின் பக்கத்தில் நிற்காது. ஆனால் பார்த்து முடிக்கும்போது ஏமாந்த உணர்வு வருவதில்லை.

‘பாம்பி 2’ (2006) இன்னும் நல்ல உதாரணம். 1942ஆம் வருடப் படத்தில் தாய் மான் சுடப்படுகிறது. பனியில் குட்டி தனியாக அலைகிறது. தந்தை வந்து “இனி உன் அம்மா உன்னோடு இருக்க முடியாது” என்கிறார். அடுத்த காட்சியில் வசந்தம் வந்து பறவைகள் பாடுகின்றன. இடையில் ஒரு குளிர்காலம் முழுக்கக் காணவில்லை. அந்தக் குளிர்காலத்தில் அப்பாவும் பிள்ளையும் எப்படி வாழ்ந்தார்கள்? குழந்தை வளர்க்கவே தெரியாத ஒரு தந்தை, அம்மாவைத் தேடும் ஒரு குட்டி. 64 ஆண்டுகள் திறந்து கிடந்த அந்த இடத்தில் இரண்டாம் பாகம் போய் உட்கார்ந்துகொள்கிறது. சிட்னி ஸ்டூடியோவின் ஓவியர்கள் காட்டை வரைந்திருப்பதைப் பார்த்தால், அவர்களுக்குத் திறமை ஒருபோதும் குறைவாக இருக்கவில்லை என்பது புரியும். அதே 2006இல் அந்த ஸ்டூடியோவை மூடிவிட்டார்கள். எனக்கு இன்றும் வருத்தம் தருகிற விஷயம் அது. ‘பாம்பி 2’ போன்ற ஒன்று முன்னமே கையில் கிடைத்திருந்தால் அவர்கள் பெயர் வேறு மாதிரி நின்றிருக்கும்.

ஒன்பது மாதம்

இந்த ஆய்வில் நடுவில் வைக்க வேண்டிய படம் ‘டாய் ஸ்டோரி 2’. அதுவும் வீடியோவுக்கென்று, சுமார் ஒரு மணி நேரப் படமாகத்தான் தொடங்கியது. டிஸ்னிக்காகக் கம்ப்யூட்டர் அனிமேஷன் படங்கள் எடுத்த தனி ஸ்டூடியோ பிக்சார். அதன் முதல் வரிசை ஆட்கள் ‘எ பக்ஸ் லைஃப்’ படத்தில் இருந்ததால் இதை வேறு குழுவிடம் கொடுத்திருந்தார்கள். டிஸ்னிக்கு வேலை பிடித்துப்போய், தியேட்டருக்கே கொண்டுவரலாம் என்று முடிவானது. வெளியீட்டுத் தேதியும் குறித்தாயிற்று. 1998 முடியும் நேரத்தில், முதல் ‘டாய் ஸ்டோரி’யை இயக்கிய ஜான் லாசெட்டரும் மற்றவர்களும் வந்து உட்கார்ந்து பார்த்தார்கள். படம் சரியில்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. டிஸ்னியோ இது போதும் என்றது. தேதியைத் தள்ள முடியாது. கையில் ஒன்பது மாதம்தான்.

பலரும் நினைப்பதுபோல அவர்கள் கதையைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக எழுதவில்லை. எலும்புக்கூடு அப்படியே இருந்தது. பொம்மை சேகரிப்பவன் ஒருவன் உட்டி என்ற கௌபாய் பொம்மையைத் திருடுகிறான். டோக்கியோ அருங்காட்சியகம் போவதா, தன்னை வைத்து விளையாடும் சிறுவன் ஆண்டியிடம் திரும்புவதா என்று உட்டி முடிவெடுக்க வேண்டும். பிரச்சினை என்னவென்றால், திரும்பிவிடுவான் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அவனுக்கு அங்கேயே இருந்துவிட ஒரு நல்ல காரணம் இல்லை. அதனால் இரண்டு இடங்களில் கனத்தைக் கூட்டினார்கள். தொடக்கத்திலேயே, சத்தம் வராமல் போனதால் அலமாரியில் தூசி படிந்து கிடக்கும் வீஸி என்ற பென்குவினைக் கொண்டுவந்தார்கள். உடைந்தால் உன் கதியும் இதுதான் என்று உட்டிக்கும் நமக்கும் தெரிந்துவிடுகிறது. அப்புறம் ஜெஸ்ஸி என்ற இன்னொரு பொம்மை. அவளை நேசித்த சிறுமி வளர்கிறாள். பொம்மை கட்டிலுக்கு அடியில் உருண்டு போகிறது. கடைசியில் நன்கொடைப் பெட்டிக்குள் போகிறது. ஒரு பாட்டு நீளத்துக்குள் முடிந்துவிடுகிற அந்தக் காட்சிக்குப் பிறகு உட்டியின் முடிவு நிஜமான முடிவாகிவிடுகிறது. ஆண்டி ஒருநாள் வளர்ந்துவிடுவான். அது தெரிந்தும் அவனிடம் போவதா?

முதல் படம் இந்தக் கேள்வியின் விளிம்பு வரை வந்து நின்றிருந்தது. இரண்டாம் பாகம் அதைக் கையில் எடுத்தது. 1999 நவம்பரில் வெளியாகி உலகம் முழுக்க ஏறக்குறைய 50 கோடி டாலர் வசூலித்தது.

இதற்கு மனிதர்கள் கொடுத்த விலையையும் சொல்லாமல் விடக் கூடாது. ஊழியர்களில் மூன்றில் ஒரு பங்குப் பேருக்குக் கையிலும் மணிக்கட்டிலும் ஓயாத வேலையால் வரும் காயங்கள் ஏற்பட்டன என்று பிக்சாரின் தலைவர்களில் ஒருவரான எட் கேட்மல் பின்னாளில் எழுதினார். முதல் தரம் ஒரு பக்கம், இரண்டாம் தரம் ஒரு பக்கம் என்று ஒரே நிறுவனத்துக்குள் வைத்துக்கொள்ள முடியாது என்பதும் அவர்கள் இதிலிருந்து எடுத்த முடிவு. டிஸ்னி அப்போது அந்த முடிவுக்கு வரவில்லை. 2004இல் பிக்சாருடன் மனக்கசப்பு முற்றியபோது, பிக்சார் இல்லாமலே அதன் படங்களுக்குத் தொடர்ச்சி எடுக்க ‘சர்க்கிள் 7’ என்று தனி ஸ்டூடியோவே தொடங்கியது. 2006இல் 740 கோடி டாலருக்குப் பிக்சாரை வாங்கிய பிறகு அதை மூடியது. அங்கே எழுதிய ‘டாய் ஸ்டோரி 3’ கதை கைவிடப்பட்டது.

அடுத்த ஆண்டு, டிஸ்னி அனிமேஷனின் பொறுப்புக்கு வந்திருந்த லாசெட்டர் வீடியோ தொடர்ச்சிகளை நிறுத்தினார். ‘டம்போ 2’, ‘அரிஸ்டோகேட்ஸ் 2’ போன்றவை பாதியில் நின்றன. கையில் முடியும் நிலையில் இருந்தவை மட்டும் வெளிவந்தன. 2008இல் வந்த கடல்கன்னி ஏரியலின் முன்கதைதான் கடைசி.

ஏமாற்றத்துக்கான விலை

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல எனக்கு ஆசைதான். ஆனால் அந்த வரிசையை நிறுத்திய அதே லாசெட்டர் இயக்கிய ‘கார்ஸ் 2’ 2011இல் வந்தது. 20 கோடி டாலர் செலவு. ஆண்டாண்டாகத் திரும்பத் திரும்ப நல்ல விமர்சனமே வாங்கிவந்த பிக்சாருக்கு, விமர்சகர்களில் பெரும்பாலோர் கைவிரித்த முதல் படம். முதல் ‘கார்ஸ்’ படத்தில், வேகத்தைத் தவிர வேறெதுவும் தெரியாத பந்தயக் கார் நாயகன் மறக்கப்பட்ட சிறு ஊரில் நிற்கக் கற்றுக்கொண்டான். இரண்டாவதில் அவன் ஓரமாகப் போய், சிரிப்புக்காக இருந்த இழுவை வண்டி மேட்டர் உளவாளியாகிறான். படத்தில் ஓட்டம் இருக்கிறது, குண்டு வெடிக்கிறது, உலகம் சுற்றுகிறது. முதல் படம் விட்ட கேள்வி எதுவும் இல்லை. ஆகச் சிறந்த கைகளும் பெரிய பட்ஜெட்டும் இருந்தும் அந்த வெற்றிடத்தை நிரப்ப முடியவில்லை. எனக்கு இந்த ஆய்வில் மிக முக்கியமான சாட்சி இந்தப் படம்தான், ஏனென்றால் “மலிவாக எடுத்ததால்தான்” என்ற வாதம் இங்கே நிற்பதில்லை. அது 56 கோடி டாலர் வசூலித்தது என்பதும் உண்மை.

வசூலைப் பற்றி ஒரு விஷயம். மற்ற ஸ்டூடியோக்களின் கணக்கையும் பார்த்தால் இது தெளிவாகும். ‘ஷ்ரெக் 2’ 2004இல் அமெரிக்காவில் 44 கோடி டாலர் எடுத்தது. களைத்துப்போன மூன்றாம் பாகம் 2007இல் பிரம்மாண்டமாகத் திறந்து 32 கோடி எடுத்தது. நான்காவது 24 கோடிக்கு இறங்கியது. ‘ஐஸ் ஏஜ்’ நான்காம் பாகம் 2012இல் அங்கே 16 கோடி; ஐந்தாவது 2016இல் 6 கோடி சொச்சம். ஏமாற்றிய படம் தன் வசூலை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது. முந்தைய படத்தை நம்பிப் போன கூட்டத்தின் காசு அது. அந்த ஏமாற்றத்துக்கான விலையை அடுத்த படம் கொடுக்கிறது. அதனால்தான் “வசூல் வந்துவிட்டதே, அப்புறம் என்ன குறை?” என்ற பேச்சை நான் ஏற்பதில்லை.

மீண்டும் அதே வாசல்

2016இல் ‘மோவானா’ வந்தது. இயக்கியவர்கள் ரான் கிளெமென்ட்ஸ், ஜான் மஸ்கர். 1992இல் ‘அலாதீன்’ இயக்கியதும் இவர்கள்தான். 2020 டிசம்பரில் டிஸ்னி தன் ஸ்ட்ரீமிங் தளத்துக்கு ஒரு மோவானா தொடரை அறிவித்தது. 2023இல் அமெரிக்காவில் ஸ்ட்ரீமிங்கில் அதிகம் பார்க்கப்பட்ட படமாக முதல் ‘மோவானா’ இருந்தது. 1,160 கோடி நிமிடங்கள். 2024 பிப்ரவரியில், அந்தத் தொடர் ‘மோவானா 2’ என்ற திரைப்படமாக நவம்பரிலேயே தியேட்டருக்கு வரும் என்றார்கள். ‘ரிட்டர்ன் ஆஃப் ஜாஃபர்’ வந்து முப்பது ஆண்டுகள்.

இந்த முறை ஓவியத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. கடல் அவ்வளவு அழகு. மோவானாவும் தங்கை சிமியாவும் சேர்ந்து வரும் காட்சிகளில் உண்மையான பாசம் தெரிகிறது. ஆனால் தையல் அதே இடத்தில் தெரிகிறது. மோவானாவோடு லோட்டோ, மோனி, கெலே என்று மூன்று பேர் படகில் ஏறுகிறார்கள். ஆளுக்கு ஒரு எபிசோட் கொடுத்திருந்தால் நன்றாக வளர்ந்திருப்பார்கள். படத்திலோ ஆளுக்கு ஒரு குணம்தான் மிஞ்சியது. மடாங்கி என்ற, வௌவால்களோடு வாழும் பெண் பிரமாதமாக அறிமுகமாகி, ஒரு பாட்டுப் பாடிவிட்டுப் பிரதான கதையிலிருந்து மறைந்துவிடுகிறாள். முதல் படத்தின் பாட்டுகளுக்கு உயிர் கொடுத்தவர்களில் ஒருவரான லின்-மானுவல் மிராண்டா இதில் இல்லை, அதுவும் தெரிகிறது.

கேள்வி இல்லாமலும் இல்லை. முதல் படத்தில் மோவானா ‘நான் யார்’ என்று கேட்டாள். இப்போது அவளை நம்பி ஒரு தீவே இருக்கிறது. திரும்பி வர முடியாமல் போகலாம் என்று தெரிந்தும் கடலுக்குப் போவதா? நல்ல கேள்வி அது. படம் அதைத் தொடுகிறது. தங்கையிடம் விடைபெறும் இடத்தில் எனக்குத் தொண்டை அடைத்தது. அப்புறம் அடுத்த சாகசத்துக்கு ஓட வேண்டியிருக்கிறது, அது முடிந்ததும் அடுத்தது.

படம் உலக அளவில் 100 கோடி டாலரைத் தாண்டியது. கதையின் ஆபத்து முழுக்க நாலோ என்ற புயல் தெய்வத்தின் சாபத்தால் வருவது. மனிதர்களைத் தீவு தீவாகப் பிரித்துவைத்தவன் அவன். அவன் முகம் எப்படி இருக்கும், அவனுக்கு மனிதர்கள் மேல் ஏன் இவ்வளவு கோபம் என்று தெரிந்துகொள்ளப் படம் முழுக்கக் காத்திருந்தேன். பெயர்ப் பட்டியல் ஓடத் தொடங்கிய பிறகு, நடுவில் ஒரு சின்னக் காட்சியில்தான் நாலோ முதல் தடவையாகத் திரையில் வந்தான். அதற்குள் பாதிக் குழந்தைகள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்குப் போயிருந்தார்கள்.